கழிவு மண்ணில் எழும் குன்றுகள்

அறுவடைக் காலத்தில் களத்துமேட்டில் நெல்லைக் குவித்து வைத்திருப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். தூற்றிய நெல்லை ஒரே இடத்தில் கொட்டிக்கொண்டே வந்தால் குவியல் உயரும். ஆனால் அதன் பக்கங்கள் ஓர் அளவுக்கு மேல் செங்குத்தாக நிற்பதில்லை. மேலும் ஒரு கூடை கொட்டினால் மணிகள் சரிந்து இறங்கி அடிப்பாகத்தை அகலப்படுத்துமே தவிர, பக்கத்தின் சாய்வு மாறுவதில்லை. மணல், சரளை, உப்பு என எதைக் குவித்தாலும் இப்படித்தான். குவியலின் பக்கம் தரையோடு ஆக்கும் இந்தக் கோணத்தை இயல்சரிவுக் கோணம் எனலாம். உலர்ந்த மணலுக்கு இது 30 முதல் 35 பாகை வரை இருக்கும். கரடுமுரடான உடைகற்களுக்கு இன்னும் சற்று அதிகம்.

குவியல் தன் சாய்வைத் தானே தேடிக்கொள்ளும் என்ற இந்த எளிய உண்மையை நம்பியே, நிலக்கரிச் சுரங்கத்தார் நூறாண்டுகளுக்கும் மேலாகக் கழிவு மண்ணையும் கல்லையும் மலை மலையாகக் குவித்து வந்தனர். அது பாதி உண்மைதான். மீதிப் பாதி நீரைப் பற்றியது. அந்த மீதிப் பாதியையும் அறிவியல் கண்டறிந்திருந்தது. ஆனால் குவியலின் உச்சியில் நின்று கொட்டியவர்களிடம் அது போய்ச் சேரவில்லை. அதற்கான விலையை 1966-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் பிரிட்டனின் வேல்சுப் பகுதியிலுள்ள ஒரு சிற்றூர் கொடுத்தது. அந்த ஊரின் பெயர் அபர்வான். கழிவுக் குன்றுகளை இன்று உலகம் எவ்வாறு கட்டுகிறது என்பதை அறிய வேண்டுமானால் அபர்வானிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

கழிவு எங்கிருந்து வருகிறது?

நிலக்கரி பூமிக்கடியில் தனித்துக் கிடப்பதில்லை. களிப்பாறைக்கும் மணற்பாறைக்கும் இடையே அடுக்கடுக்காக அமைந்திருக்கிறது. அதை அடையச் செங்குத்துக் குழிகளும் நெடும் பாதைகளும் வெட்ட வேண்டும். அப்போது வெளிவரும் கல் முதல் கழிவு. பிறகு, கரியோடு சேர்ந்து வரும் கல்லைப் பிரிக்க வேண்டும். இது இரண்டாவது கழிவு.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கரியைத் தொழிலாளர்கள் கையால் வெட்டினர். கல்லைப் பெரும்பாலும் சுரங்கத்துக்குள்ளேயே ஒதுக்கிவிட்டு, கரியை மட்டும் மேலே அனுப்பினர். இருபதாம் நூற்றாண்டில் இயந்திரங்கள் வந்தன. இயந்திரத்தின் பற்களுக்குக் கரி எது, கல் எது என்று தெரியாது. எல்லாவற்றையும் வெட்டி மேலே அனுப்பும். ஆகவே தரைக்கு மேலே கரியைக் கழுவிப் பிரிக்கும் நிலையங்கள் தோன்றின. கழுவிய நீரோடு மாவு போன்ற நுண்துகள்கள் வெளியேறின. சேறாக வரும் இந்த நுண்கழிவு உலர்வதற்கு நெடுங்காலம் பிடிக்கும். நீரையும் எளிதில் வடிய விடாது. பின்னர் வந்த தொல்லைகளில் இதற்கும் ஒரு பங்கு உண்டு.

இத்தனைக் கழிவையும் எங்கே கொட்டுவது? சமவெளியில் சுரங்கம் இருந்தால் பக்கத்து நிலத்தில் பரப்பலாம். தெற்கு வேல்சில் அது இயலவில்லை. அங்குள்ள பள்ளத்தாக்குகள் மிகக் குறுகியவை. ஆறு, இருப்புப்பாதை, சாலை, வீடுகள், பள்ளி, தேவாலயம் எல்லாம் அடித்தளத்தின் குறுகிய பட்டையில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். இருபுறமும் மலைச் சரிவுகள். எனவே கழிவு மலை மேல் ஏறியது.

அபர்வானின் ஏழு குன்றுகள்

டாஃப் ஆற்றின் கரையில் உள்ளது அபர்வான். ஆற்றுக்கு அப்பால் மெர்த்தர் வேல் நிலக்கரிச் சுரங்கம். 1869-இல் அதன் குழி தோண்டும் பணி தொடங்கியது. முதலில் கழிவைப் பள்ளத்தாக்கின் அடியிலேயே கொட்டினர். இடம் தீர்ந்தபின், முதல் உலகப் போர்க் காலத்தில், ஊருக்கு நேர் மேலே உள்ள மலைச் சரிவுக்குக் கொண்டு சென்றனர். ஒன்று நிறைந்ததும் அடுத்தது என்று அடுத்த ஐம்பது ஆண்டுகளில் ஏழு குன்றுகள் எழுந்தன.

இவற்றுள் நான்காவது குன்று 1944-இல் சரிந்து மலையில் நெடுந்தூரம் ஓடியது. வழியில் வீடுகள் இல்லாததால் உயிர்ச்சேதம் இல்லை. ஆறாவது குன்று ஒரு விவசாயியின் நிலத்தை நெருங்கவே, அவர் முறையிட்டார்; அங்குக் கொட்டுவது நின்றது. 1958-ஆம் ஆண்டு ஏழாவது குன்றுக்கு இடம் தேர்ந்தனர். அதற்கென நில ஆய்வு எதுவும் நடக்கவில்லை. மலையில் நடந்து பார்த்து, இந்த இடம் சரி என்று முடிவு செய்தனர்.

அந்த மலையின் அடிப்படை நீர் புகும் மணற்பாறை. மலைமேல் பெய்யும் மழை பாறைப் பிளவுகளில் இறங்கி, சரிவில் ஆங்காங்கே ஊற்றாக வெளிப்படும். இந்த ஊற்றுகளும் அவற்றிலிருந்து புறப்படும் ஓடைகளும் அரசின் நில அளவைப் படங்களிலேயே குறிக்கப்பட்டிருந்தன. ஏழாவது குன்று அத்தகைய ஊற்றுகளையும் ஓடையையும் மூடிக்கொண்டு வளர்ந்தது. 1966-இல் அதன் உயரம் 34 மீட்டர். அதில் இருந்த கழிவு ஏறத்தாழ 2,27,000 கன மீட்டர். 1960-களின் தொடக்கத்தில் நுண்கழிவுச் சேற்றையும் இதன்மேலேயே கொட்டினர்.

கொட்டிய முறையையும் காண்போம். கம்பிவடத்தால் இழுக்கப்பட்டுத் தொட்டிவண்டிகள் மலைமேல் ஏறும். உச்சியில் நிற்கும் பாரந்தூக்கி அவற்றைக் குன்றின் விளிம்பில் கவிழ்க்கும். கழிவு தன் போக்கில் உருண்டு கீழே தங்கும். அதை யாரும் கெட்டிப்படுத்துவதில்லை. அடியில் வடிகால் இல்லை. இந்தப் பணி இயந்திரப் பொறியாளர்களின் பொறுப்பில் இருந்தது. வடம், எஞ்சின், பாரந்தூக்கி ஆகியவற்றை அவர்கள் நன்கு அறிவார்கள். அடியிலுள்ள மண்ணையும் நீரையும் கவனிப்பது யாருடைய வேலையாகவும் இருக்கவில்லை. சுரங்கத்துக்குள் உத்தரம் எப்படி நிற்க வேண்டும், காற்று எப்படிப் போக வேண்டும் என்பதற்கெல்லாம் விரிவான சட்டம் இருந்தது. வெளியே மலைபோல் நின்ற குவியலின் உறுதியைப் பற்றிச் சட்டம் எதுவும் சொல்லவில்லை. அது வேண்டாத பொருள் அல்லவா? அதற்கு யார் வரைபடம் போடுவார்கள்?

நீர் செய்யும் வேலை

குவியலின் துகள்களைத் தாங்கி நிறுத்துவது உராய்வு. 1773-இல் பிரெஞ்சு இராணுவப் பொறியாளர் கூலும் இதைக் கணக்கில் எழுதிக் காட்டினார். ஒரு துகளை மற்றொரு துகள் எவ்வளவு விசையோடு அழுத்துகிறதோ, அதற்கேற்ப உராய்வும் கூடும். மேசைமேல் வெறும் பெட்டியை எளிதில் தள்ளலாம். அதில் செங்கல்லை நிரப்பினால் தள்ளுவது கடினம். இதுவே தத்துவம்.

துகள்களுக்கு இடையிலுள்ள வெற்றிடங்களில் நீர் நிரம்பினால் என்னவாகும்? 1920-களில் ஆஸ்திரியரான கார்ல் டெர்சாகி இதற்கு விடை கண்டார். மேலிருந்து வரும் சுமையை இப்போது இரண்டு பேர் பகிர்ந்துகொள்கிறார்கள்: துகள்கள் ஒரு பங்கையும், இடையிலுள்ள நீர் ஒரு பங்கையும் தாங்குகின்றன. நீரின் அழுத்தம் கூடக் கூடத் துகள்கள் ஒன்றையொன்று அழுத்தும் விசை குறைகிறது. துகளின்மேல் துகள் அழுத்துவதால்தான் உராய்வு. நீருக்கோ உராய்வு இல்லை. ஆகவே குவியலின் எடை குறையாமலே அதன் பிடிப்பு மட்டும் குறைகிறது. 1925-இல் அவர் எழுதிய நூலே மண் விசையியல் என்னும் துறைக்கு அடிப்படையாயிற்று.

ஒரு கணக்கு இதை விளக்கும். உலர்ந்த நிலையில் 36 பாகைச் சரிவில் நிற்கும் மண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். அதே மண்ணில் நீர் முற்றிலும் நிறைந்து, சரிவுக்கு இணையாகக் கசிந்து ஓடினால், அது நிற்கக்கூடிய சரிவு ஏறத்தாழ 20 பாகைதான். நீரில் நனைந்த மண்ணின் எடையில் பாதியளவே துகள்களின் அழுத்தமாக எஞ்சுவதே காரணம். உலர்ந்தபோது ஆண்டுக்கணக்கில் அசையாமல் நின்ற குன்று, உள்ளே நீர்மட்டம் உயர்ந்த ஒரு மழைக்காலத்தில் நிற்கத் தகுதியற்றதாகிவிடுகிறது.

இதை நீங்களே செய்து பார்க்கலாம். ஒரு தட்டில் உலர்ந்த மணலைக் குவியுங்கள். சில துளி நீர் தெளித்தால் மணல் முன்னிலும் இறுகும். சிறிதளவு ஈரம் துகள்களை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும். ஆகவே நனைந்தால் உறுதி என்று தோன்றும். இனி, குவியலின் உச்சியில் மெல்ல மெல்ல நீரை ஊற்றிக்கொண்டே இருங்கள். நீர் நிறைந்து அடியில் கசியத் தொடங்கும்போது பக்கங்கள் இளகி இறங்குவதைக் காண்பீர்கள்.

இதைவிடக் கொடியது ஒன்று உண்டு. படியில் அரிசியை அளக்கும்போது பக்கத்தில் தட்டினால் அரிசி சற்று அமுங்கும். தளர்வாகக் கிடந்த மணிகள் நெருங்கி அமைவதே காரணம். தளர்வாகக் கொட்டிய கழிவும் அசைந்தால் இப்படித்தான் அமுங்கும். ஆனால் இடைவெளிகளில் நீர் நிறைந்திருந்தால்? துகள்கள் நெருங்க வேண்டுமானால் நீர் வெளியேற வேண்டும். நுண்துகள் மிகுந்த கழிவில் நீர் விரைந்து வெளியேற வழியில்லை. எனவே நொடிப்பொழுதில் முழுச் சுமையும் நீரின்மேல் விழுகிறது. துகள்களுக்கிடையே பிடிப்பு அறவே அற்றுப்போகிறது. திண்மையாக நின்ற குன்று அந்தக் கணமே கூழாகி ஆறுபோல் ஓடத் தொடங்குகிறது. இதை நீர்மமாதல் என்பர்.

கேட்கப்படாத எச்சரிக்கைகள்

இவையெல்லாம் ஏட்டுச் செய்திகளாக மட்டும் இருக்கவில்லை. 1927-இலேயே பேராசிரியர் ஜார்ஜ் நாக்ஸ் தெற்கு வேல்சுப் பள்ளத்தாக்குகளின் நிலச்சரிவுகளைப் பற்றிப் பொறியாளர் கழகத்தின்முன் கட்டுரை படித்தார். நீரே முதற்காரணம் என்றும், வடிகாலுக்குச் செலவு செய்யாதவர் வேறு வழியில் சரிவுக்குச் செலவு செய்ய நேரும் என்றும் அவர் எச்சரித்தார்.

1939 டிசம்பரில் அபர்வானிலிருந்து சுமார் 8 கிலோமீட்டர் தொலைவில், அதே பள்ளத்தாக்கிலுள்ள கில்வனித் என்னுமிடத்தில் ஒரு கழிவுக் குன்று சரிந்தது. ஏறத்தாழ 1,80,000 டன் கழிவு நெடுஞ்சாலையைக் கடந்து ஆற்றுக்குள் பாய்ந்தது. அந்தச் சுரங்க நிறுவனம் உடனே ஒரு குறிப்பைத் தயாரித்தது. ஊற்றுகளின்மேல் கொட்டாதே, அடியில் நீரை வடியவிடு, நுண்சேற்றைக் கலக்காதே என்பன போன்ற அறிவுரைகள் அதில் இருந்தன. 1947-இல் பிரிட்டனின் சுரங்கங்கள் நாட்டுடைமையாகித் தேசிய நிலக்கரி வாரியத்திடம் வந்தன. 1965-இல் ரோண்டாப் பகுதியில் மற்றொரு குன்று சரிந்தபோது, வாரியத்தின் பொறியாளர்களுக்கு அந்த 1939-ஆம் ஆண்டுக் குறிப்பு மீண்டும் சுற்றுக்கு விடப்பட்டது. அபர்வானில் அதன்படி முறையான ஆய்வு நடக்கவில்லை.

ஊர் மக்களும் சும்மா இருக்கவில்லை. 1963-இல் ஏழாவது குன்றிலேயே ஒரு சரிவு ஏற்பட்டது. அதே ஆண்டு, பள்ளிக்குப் பின்னால் சேறு கொட்டப்படுவதன் ஆபத்தைச் சுட்டிக்காட்டி நகராட்சிப் பொறியாளர் கடிதம் எழுதினார். மழைக்காலத்தில் மலையிலிருந்து கரிய நீர் பள்ளிப்பக்கம் வருவதைக் குறித்துத் தாய்மார்கள் மனுக் கொடுத்தனர். கடிதங்கள் போயின, பதில்கள் வந்தன. வண்டிகள் தொடர்ந்து மலையேறின.

1966 அக்டோபர் 21

அந்த அக்டோபரின் முதல் மூன்று வாரங்களில் அப்பகுதியில் சுமார் 170 மில்லிமீட்டர் மழை பெய்தது. 21-ஆம் நாள் வெள்ளிக்கிழமை. பள்ளிகளுக்கு இடைவிடுமுறைக்கு முந்தைய கடைசி நாள். பள்ளத்தாக்கில் மூடுபனி. மலையுச்சியிலோ நல்ல வெயில்.

காலை ஏழரை மணிக்கு வேலைக்கு வந்த தொழிலாளர்கள், குன்றின் உச்சி சுமார் 3 மீட்டர் உள்வாங்கியிருப்பதைக் கண்டனர். தண்டவாளத்தின் ஒரு பகுதி பள்ளத்தில் தொங்கியது. தொலைபேசிக் கம்பியை முன்பே யாரோ திருடிச் சென்றிருந்ததால், ஒருவர் மலையிறங்கிச் சென்று செய்தி சொன்னார். அன்று கொட்ட வேண்டாம் என்று முடிவாயிற்று. அதற்குள் உச்சி மேலும் இறங்கியது.

காலை 9.15. குன்றின் அடிப்பாகம் பிதுங்கி வெளியே தள்ளியது. அடுத்த கணம் 1,10,000 கன மீட்டர் கழிவு கூழாகிப் புறப்பட்டது. 6 முதல் 9 மீட்டர் உயர அலையாக, மணிக்கு 18 முதல் 34 கிலோமீட்டர் வேகத்தில் அது மலையிறங்கியது. கீழே இருந்தவர்களுக்குப் பனிமூட்டத்தில் எதுவும் தெரியவில்லை. பேரிரைச்சல் மட்டும் கேட்டது. வழியில் ஒரு பண்ணைவீட்டை விழுங்கிய அந்த அலை, பான்ட்கிளாஸ் தொடக்கப்பள்ளியின்மேலும் அருகிலிருந்த வீடுகளின்மேலும் விழுந்தது. ஓட்டம் நின்றதும் நீர் வடிந்து, சேறு மீண்டும் இறுகிவிட்டது.

சுரங்கத்துக்குள் வேலை செய்துகொண்டிருந்தவர்கள் மேலே ஓடிவந்து கையாலும் மண்வெட்டியாலும் தோண்டினர். தம் பிள்ளைகளையே தோண்டித் தேடிய தந்தையர் அவர்களில் பலர். காலை 11 மணிக்குப் பிறகு ஒருவரும் உயிருடன் மீட்கப்படவில்லை. இறந்தோர் 144 பேர். அவர்களுள் 116 பேர் குழந்தைகள், பெரும்பாலோர் 7 முதல் 10 வயதினர். சில நிமிடங்களுக்கு முன்புதான் அவர்கள் வகுப்பறையில் வந்து அமர்ந்திருந்தனர்.

விசாரணை சொன்னது

நீதிபதி எட்மண்ட் டேவிஸ் தலைமையில் விசாரணை மன்றம் அமைந்தது. 76 நாள்கள் கூடி, 136 சாட்சிகளை விசாரித்தது. இலண்டன் இம்பீரியல் கல்லூரிப் பேராசிரியர் ஆலன் பிஷப் மண்ணின் தன்மையை ஆராய்ந்து சாட்சியம் அளித்தார். சரிவுகளின் உறுதியைக் கணக்கிட 1955-இல் அவர் வகுத்த முறை, அணை கட்டுவோரிடம் ஏற்கெனவே பழக்கத்தில் இருந்தது. மண் அணை ஒன்றைக் கட்டுமுன் செய்யும் கணக்கை அபர்வான் குன்றுக்கு யாரும் செய்து பார்த்ததில்லை. அடியில் மூடப்பட்ட ஊற்றுநீர், தளர்வாகக் கொட்டிய கழிவு, மழையால் உயர்ந்த நீரழுத்தம், பிறகு நீர்மமாதல் என்பதே நிகழ்ச்சியின் வரிசை எனத் தெளிவாயிற்று.

ஊற்று இருந்தது யாருக்கும் தெரியாது என்று வாரியத்தின் தலைவர் முதலில் கூறினார். ஊற்றும் ஓடையும் நில அளவைப் படத்திலேயே இருந்தன. அந்த ஓடையில் விளையாடிய சிறுவர்களுக்கும் அது தெரிந்தே இருந்தது. 1967 ஆகஸ்டில் வெளியான அறிக்கை, பொறுப்பு வாரியத்தையே சாரும் என்று தீர்ப்பளித்தது. தீய எண்ணத்தால் நேர்ந்ததன்று; அறியாமையும், திறமையின்மையும், செய்தி ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குப் போகாமையுமே காரணம் என்றது. கழிவுக் குன்றுகளைப் பற்றி வாரியத்துக்குக் கொள்கை என்ற ஒன்றே இருக்கவில்லை என்பதையும் எடுத்துக்காட்டியது. எவர்மீதும் வழக்குத் தொடரப்படவில்லை.

இதன்பின் நடந்ததும் வரலாற்றில் இடம்பெற வேண்டியதே. எஞ்சிய குன்றுகளை அகற்றுமாறு ஊரார் கேட்டனர். செலவு அதிகம் என்று தயக்கம் காட்டப்பட்டது. இறுதியில், உலகெங்குமிருந்து மக்கள் அனுப்பிய நிவாரண நிதியிலிருந்தே 1,50,000 பவுன் எடுக்கப்பட்டது. அந்தத் தொகை 1997-இல்தான் வட்டியின்றித் திருப்பித் தரப்பட்டது. 2007-இல் வேல்சு அரசு மேலும் 20 இலட்சம் பவுன் வழங்கியது.

குன்றைக் கட்டும் கலை

1969-இல் பிரிட்டன் சுரங்கக் கழிவுக் குன்றுகளுக்கென்றே ஒரு சட்டம் இயற்றியது. குன்றுக்கு வரைபடம் வேண்டும், தகுதியுள்ளவர் ஆய்வு செய்ய வேண்டும், கைவிடப்பட்ட குன்றுகளையும் கவனிக்க வேண்டும் என அது வகை செய்தது. கொட்டுவது என்ற சொல்லின் இடத்தில் கட்டுவது என்ற எண்ணம் வந்தது இதற்குப் பிறகுதான். இன்று பொறியாளர் ஒரு கழிவுக் குன்றை எப்படி அமைக்கிறார் என்பதைப் பார்ப்போம்.

முதலில் இடம். துளையிட்டு அடிமண்ணின் வலிமையைச் சோதிப்பார். ஊற்று, ஓடை, வழுக்கும் களிமண் இருந்தால் அங்கே அமைக்கமாட்டார். தவிர்க்க முடியாவிட்டால் நீரை முன்னதாகவே திருப்பிவிடுவார். செடிகொடிகளையும் மேல்மண்ணையும் நீக்கித் தரையைச் சீராக்குவார். மக்கிய செடியடுக்கின்மேல் நிற்கும் குன்று எண்ணெய்மேல் நிற்பது போன்றது.

அடுத்து நீர். குன்றின் அடியில் பெருங்கற்களால் வடிகால் அமைப்பார். மலைப்பக்கத்திலிருந்து வரும் மழைநீர் குன்றைத் தொடாதபடி மேற்புறம் வாய்க்கால் வெட்டுவார்.

மூன்றாவது கொட்டும் முறை. உச்சியிலிருந்து உருட்டிவிடாமல், அடியிலிருந்து மெல்லிய அடுக்குகளாகப் பரப்பி, உருளை கொண்டு கெட்டிப்படுத்துவார். கெட்டித்த கழிவு அசைந்தாலும் அமுங்காது, எனவே நீர்மமாகாது. இதில் மற்றொரு நன்மையும் உண்டு. கழிவில் எஞ்சியுள்ள கரித்துகள் காற்றுப் பட்டுத் தானே தீப்பற்றி ஆண்டுக்கணக்கில் புகைவது பழைய குன்றுகளில் வழக்கம். கெட்டிப்படுத்தினால் காற்றுக்கு உள்ளே வழியில்லை.

நான்காவது வடிவம். இயல்சரிவுக் கோணத்தைவிடக் குறைந்த சாய்வில், இடையிடையே படிக்கட்டுபோல் தட்டைகள் விட்டு உயர்த்துவார். குன்றைத் தாங்கும் விசையைச் சரிக்கும் விசையால் வகுத்தால் வருவது பாதுகாப்பு எண். அது 1 என்றால் குன்று சரியும் தறுவாயில் இருக்கிறது. ஏறத்தாழ 1.5 இருந்தால் நெடுநாள் நிற்கும் என நம்பலாம்.

ஐந்தாவது கண்காணிப்பு. குன்றுக்குள் குழாய் இறக்கி நீரழுத்தத்தை அளந்து வருவார். உச்சியில் முளையடித்து அசைவைப் பதிவு செய்வார். குன்றுகள் பெரும்பாலும் சொல்லாமல் விழுவதில்லை. உச்சியில் பிளவு, அடியில் பிதுக்கம், புதிய கசிவு என்று முன்னறிவிப்புத் தருகின்றன.

நுண்சேற்றைத் தனியே தேக்க வேண்டும். அதற்கும் அணைக்குரிய கவனம் தேவை. அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் பஃபலோ கிரீக் என்னும் ஓடையின் கிளையோடை ஒன்றின் குறுக்கே, சுரங்கக் கழிவையே கரையாகக் குவித்துக் கரிய நீரைத் தேக்கியிருந்தனர். 1972 பிப்ரவரி 26 காலை, பெருமழையில் அந்தக் கரை இளகி உடைந்தது. சுமார் 50 கோடி லிட்டர் நீர் பள்ளத்தாக்கில் பாய்ந்து 125 பேரைக் கொன்றது. ஐந்தே ஆண்டுகளில், 1977-இல், சுரங்க நிலங்களைச் சீரமைக்கும் கூட்டாட்சிச் சட்டம் அந்நாட்டில் வந்தது.

நம் நாட்டில்

இந்தியாவில் இன்று எடுக்கப்படும் நிலக்கரியில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் திறந்தவெளிச் சுரங்கங்களிலிருந்து வருகிறது. அங்குக் கரியை அடைய, மேலேயுள்ள மண்ணும் பாறையும் முழுவதையும் அகற்ற வேண்டும். ஆகவே இங்கே குவியல்களின் அளவும் மிகப் பெரிது.

நம் நிலக்கரிச் சுரங்க விதிகள் இதற்கு வரம்பு கட்டுகின்றன. குவியலின் சாய்வு 37.5 பாகைக்கு மேற்படக்கூடாது. உயரம் 30 மீட்டரைத் தாண்டினால் படிப்படியாக அமைக்க வேண்டும். எந்தப் படியும் 30 மீட்டருக்கு மேல் உயரக்கூடாது. ஒட்டுமொத்தச் சாய்வு, 1 மீட்டர் உயரத்துக்கு 1.5 மீட்டர் கிடைத்தூரம் என்ற அளவுக்குள் இருக்க வேண்டும். குவியலின் அடி, சாலைக்கும் பிறருடைய கட்டடங்களுக்கும் 100 மீட்டருக்கு அப்பால் நிற்க வேண்டும். விதிகள் இருந்தும், 2016 டிசம்பர் 29 அன்று ஜார்க்கண்டின் இராஜ்மகல் சுரங்கத்தில் மேல்மண் குவியல் சரிந்து 23 தொழிலாளர்கள் மாண்டனர். எண்களை ஏட்டில் எழுதினால் மட்டும் போதாது. நாள்தோறும் களத்தில் அளந்து பார்க்க வேண்டும்.

பசுமை திரும்பும் வழி

உறுதியாக நிற்கும் குன்றும் பாதி வேலைதான். வெற்றுக் கழிவின்மேல் மழை பெய்தால் பள்ளம் விழும். பள்ளம் பெரிதாகிச் சரிவாகும். செடியின் வேர் மண்ணைப் பிடிக்கும். இலை மழைத்துளியின் வேகத்தைத் தணிக்கும். ஆனால் சுரங்கக் கழிவில் செடி எளிதில் வளர்வதில்லை. இரும்பும் கந்தகமும் சேர்ந்த பைரைட் என்னும் கனிமம் கழிவில் இருந்தால், அது காற்றும் நீரும் பட்டுக் கந்தக அமிலத்தை உண்டாக்கும். கரிய பரப்பு கோடை வெயிலில் கடுமையாகச் சூடேறும். எல்லாவற்றுக்கும் மேலாக நைட்ரஜன் இராது. மண்ணுக்கு உயிரூட்டும் மக்கும் நுண்ணுயிரும் இரா.

இதற்கான வழி சுரங்கம் தோண்டுமுன்பே தொடங்குகிறது. மேலேயுள்ள வளமான மண்ணை முதலில் தனியே எடுத்து வைத்து, இறுதியில் குன்றின்மேல் போர்த்துகின்றனர். அமிலம் இருந்தால் சுண்ணாம்பு இடுகின்றனர். பிறகு புல்லும், காற்றிலுள்ள நைட்ரஜனை வேர்முடிச்சுகளில் பிடித்துவைக்கும் பயறு வகைச் செடிகளும் மரங்களும் நடுகின்றனர். நம் உழவர் நெல்லுக்குப்பின் உளுந்தும் பயறும் விதைக்கும் அதே தத்துவம்தான். சில ஆண்டுகள் இலை உதிர்ந்து மக்கினால் மண் தானே மண்ணாகிறது.

தமிழ்நாட்டில் நெய்வேலிப் பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தில், சக்கர வடிவ இயந்திரங்கள் வெட்டியெடுக்கும் மேல்மண்ணை, கரி எடுத்து முடித்த பள்ளத்திலேயே பரப்பி நிரப்பி அதன்மேல் மரம் வளர்க்கின்றனர். பள்ளமும் குவியலும் ஒன்றையொன்று தீர்த்துக்கொள்வதால் இது சிறந்த முறை. ஆனால் சுரங்கத்தின் முதல் பள்ளத்திலிருந்து வரும் மண்ணுக்கு வெளியே இடம் தேடியே ஆக வேண்டும். ஜெர்மனியின் ஹாம்பாக் சுரங்கத்தில் 1978 முதல் எடுத்த அத்தகைய மண்ணைக்கொண்டு சோஃபியன்ஹோயா என்னும் குன்றையே கட்டினர். சுற்றியுள்ள சமவெளியிலிருந்து ஏறத்தாழ 200 மீட்டர் உயரம். இன்று அது காடு. மக்கள் அதில் நடைபயணம் போகிறார்கள். அபர்வானின் குன்றோ வெறும் 34 மீட்டர்தான். ஆகவே குன்று கொல்வதும் காப்பதும் அதன் உயரத்தைப் பொறுத்ததன்று. அடிநிலம், நீர், கட்டிய முறை ஆகியவற்றைப் பொறுத்தது என்பது தெளிவு.

சுரங்கம் மூடிய பின்

மெர்த்தர் வேல் சுரங்கம் 1989-இல் மூடப்பட்டது. வேல்சின் பிற சுரங்கங்களும் ஒவ்வொன்றாக மூடின. குன்றுகள் மட்டும் நின்றன. 2020 பிப்ரவரியில் பெரும்புயல் மழைக்குப்பின் டைலர்ஸ்டவுன் என்னுமிடத்தில் ஒரு பழைய குன்றிலிருந்து ஏறத்தாழ 60,000 டன் கழிவு சரிந்தது. நல்லவேளையாக உயிர்ச்சேதம் இல்லை. அதன்பின் எண்ணிப் பார்த்தபோது, வேல்சில் கைவிடப்பட்ட நிலக்கரிக் கழிவுக் குன்றுகள் சுமார் 2,500 இருப்பது தெரிந்தது. அவற்றில் 300-க்கு மேற்பட்டவை கூடுதல் கவனம் வேண்டுபவை. 1969-ஆம் ஆண்டுச் சட்டம் இயங்கும் சுரங்கங்களின் காலத்தில் எழுதப்பட்டது. எனவே 2025-இல் வேல்சு சட்டமன்றம் கைவிடப்பட்ட குன்றுகளுக்கென்றே தனி அமைப்பு ஏற்படுத்தும் புதிய சட்டத்தை நிறைவேற்றியது. மழையின் கடுமை கூடிவரும் இக்காலத்தில், நூறாண்டுக்கு முன் கணக்குப் பார்க்காமல் கொட்டியதற்கு இன்று கணக்குப் பார்க்கிறார்கள்.

சுரங்கத்தின் ஆயுள் ஐம்பது, நூறு ஆண்டுகள். அது எழுப்பும் குன்றின் ஆயுளுக்கு முடிவில்லை. கரியை விற்றவர்களும் எரித்தவர்களும் போனபின், குன்றின் அடியில் வாழ்பவர்கள் இருப்பார்கள். கழிவு என்று நாம் பெயர் சூட்டியதால் ஒரு பொருள் உராய்வின் விதிக்கும் நீரின் விதிக்கும் அப்பாற்பட்டதாகிவிடுவதில்லை. இனி இரயிலிலோ பேருந்திலோ செல்லும்போது ஒரு சுரங்கத்தின் மண்மேட்டைக் கண்டால், மூன்று கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள்: இதன் அடியில் என்ன இருக்கிறது? உள்ளே போகும் மழைநீர் எங்கே வெளிவருகிறது? இது சரிந்தால் யார் வீட்டில் போய் நிற்கும்? அபர்வானில் இந்த மூன்றுக்கும் விடை நில அளவைப் படத்திலேயே இருந்தது. கேட்டவர்களுக்கு உரிய விடை கிடைக்காததுதான் அந்த ஊரின் துயரம்.